தீர்மானம் இல்லாத மாநாடு

ஒரகடம் கூட்டுச்சாலையில் பேருந்தைவிட்டு இறங்கும்போது காலை எட்டு மணிகூட ஆகவில்லை. இரவு ஷிப்ட் முடித்த பெண்களை ஏற்றிக்கொண்டு கம்பெனி பேருந்துகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. ஜன்னலில் தலைசாய்த்துத் தூங்கும் முகங்கள், எல்லாம் இருபது இருபத்திரண்டு வயது முகங்கள். அங்கிருந்து ஷேர் ஆட்டோ பிடித்து நான் போனது ஒரு பொறியியல் கல்லூரிக்கு. வாசலில் பெரிய பதாகை: கல்லூரிப் பெண்களுக்கான தலைமைத்துவ மாநாடு.

சுற்றுவட்டாரக் கல்லூரிகளிலிருந்து ஏறக்குறைய முந்நூறு மாணவிகள் வந்திருந்தார்கள். அவர்களும் அதே வயதுதான். ஆளுக்கொரு துணிப்பை கொடுத்தார்கள். உள்ளே நோட்டு, பேனா, தண்ணீர் பாட்டில். மூன்றிலும் மாநாட்டுக்குப் பணம் கொடுத்த நிறுவனங்களின் சின்னம். இந்தத் தொழிற்பேட்டைகளில் வேலை செய்யும் பெண்களைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன் என்பதால் எனக்கும் மேடையில் பதினைந்து நிமிடம் ஒதுக்கியிருந்தார்கள்.

இரண்டு நாளும் பேசியவர்கள் வேறு வேறு, பேச்சு ஒன்றுதான். தன்னம்பிக்கை வேண்டும், நிமிர்ந்து நில்லுங்கள், கண்ணைப் பார்த்துப் பேசுங்கள். எல்லோரையும் எழுந்து நிற்கவைத்து, தோளை நிமிர்த்தி, ‘நான் ஒரு தலைவி’ என்று மூன்று முறை சொல்லவைத்தார் ஒரு பயிற்சியாளர். முந்நூறு குரல்கள் ஒன்றாக எழுந்தபோது எனக்கும் சிலிர்த்தது, அதை மறைக்க மாட்டேன். அடுத்து ஒரு பெரிய நிறுவனத்தின் மனிதவளத் துறைத் தலைவர் பேசினார். உங்கள் வளர்ச்சிக்குத் தடை வெளியில் எங்கும் இல்லை, உங்கள் மனதில்தான் இருக்கிறது என்று முடித்தார். கைதட்டல் ஓயக் கொஞ்ச நேரம் ஆனது.

கேள்வி நேரத்தில் ஒரு மாணவி, ஆங்கிலத்தில், வேலையையும் குடும்பத்தையும் எப்படிச் சமாளிப்பது என்று கேட்டாள். இதுதான் தலைமைப் பண்பு என்று அவளை மேடையிலிருந்தே பாராட்டினார்கள். அடுத்து எழுந்தவள் வாலாஜாபாத் பக்கத்துக் கிராமம், மூன்றாமாண்டு பி.எஸ்சி. அவள் கேட்டது இது:

“சார், எங்க அக்கா இந்த ரோட்லதான் ஒரு கம்பெனில வேலை செய்யுது. அங்க லைன் லீடர்னு ஒருத்தர் இருக்காரு. பாத்ரூம் போகணும்னாகூட அவரு கிட்டதான் கேக்கணுமாம். எங்க அக்காவும் பி.எஸ்சி. முடிச்சிருக்கு. அது எப்ப சார் லீடர் ஆவும்? தடை அது மனசுலதான் இருக்குதா?”

அரங்கில் முதலில் சிரிப்பு. பிறகு பின்வரிசைகளிலிருந்து பலத்த கைதட்டல். மேடையிலிருந்து வந்த பதில்: “குட் கொஸ்டின்மா. ஆனா இங்க பாசிட்டிவா யோசிப்போம். இதைத் தனியா பேசிக்கலாம்.” மைக் அடுத்த வரிசைக்குப் போய்விட்டது.

அப்போது மேடையில் நான்காவது நாற்காலியில் உட்கார்ந்திருந்தவள் நான். அந்தக் கேள்விக்கான பதில் என் நோட்டுப் புத்தகங்களில் பக்கம் பக்கமாக இருக்கிறது. மைக்கை வாங்கி, அவள் கேட்டதுதான் இந்த இரண்டு நாளில் கேட்கப்பட்ட ஒரே கேள்வி என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. என் முறை வந்தபோது ‘பணிச்சூழல் சார்ந்த சவால்கள்’ என்றெல்லாம் யாருக்கும் வலிக்காத மொழியில் பேசிவிட்டு, பொன்னாடையை வாங்கிக்கொண்டு இறங்கினேன்.

மாநாடு முடிந்த மூன்றாம் நாள் அவள் என்னை அழைத்தாள். கல்லூரியிலிருந்து அவள் அம்மாவுக்குத் தொலைபேசி வந்திருக்கிறது. ‘உங்க பொண்ணு வெளியாளுங்க முன்னாடி காலேஜ் பேரைக் கெடுத்துட்டா, கொஞ்சம் சொல்லி வையுங்க’ என்று. நூறு நாள் வேலைக்குப் போயிருந்த இடத்தில், நாலு பேர் கேட்க, அந்த அம்மா அதைக் கேட்டிருக்கிறார். அன்று ராத்திரி வீட்டில் முடிவாகிவிட்டது: எம்.எஸ்சி. எல்லாம் வேண்டாம், படித்தது போதும்.

ஒரு தலைமைத்துவ மாநாட்டில் தலைமை ஏற்ற ஒரே மாணவிக்குக் கிடைத்த பரிசு இது.

*

மாநாடு என்ற சொல்லுக்குத் தமிழ்நாட்டில் ஒரு வரலாறு உண்டு. கூடிக் கலைவதற்கு நாம் கூட்டம் என்று பெயர் வைத்திருக்கிறோம். கூடி, விவாதித்து, கோரிக்கை எழுதி, அதைத் தீர்மானமாக நிறைவேற்றி, யாரிடம் கேட்கிறோம் என்று பெயர் சொல்லிக் கேட்டால்தான் அது மாநாடு.

ஒரகடத்திலிருந்து சிங்கப்பெருமாள் கோயில் வழியாகப் போனால் ஒரு மணி நேரத்தில் செங்கல்பட்டு வந்துவிடும். 1929 பிப்ரவரியில் முதலாவது மாகாண சுயமரியாதை மாநாடு நடந்த ஊர். சாதிப் பட்டங்களை விட்டொழிக்க வேண்டும், பெண்களுக்கும் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று அங்கே தீர்மானம் போட்டார்கள். அன்று அதைக் கேட்டுச் சிரித்தவர்கள் இருந்திருப்பார்கள். 1989இல், 60 ஆண்டு கழித்து, மகள்களுக்கும் பூர்வீகச் சொத்தில் சம பங்கு என்று தமிழ்நாட்டில் சட்டமே வந்தது. தீர்மானம் என்பது காலத்தின் மீது போடும் கையெழுத்து. போட்டவர் போன பிறகும் அது நிற்கும்.

1938 நவம்பர் 13. சென்னையில் தமிழ்நாட்டுப் பெண்கள் மாநாடு, நீலாம்பிகை அம்மையார் தலைமையில். ஈ.வெ.ரா.வைப் ‘பெரியார்’ என்று அழைக்க வேண்டும் எனத் தீர்மானித்த மாநாடு அதுதான் என்பது நம்மில் பலருக்கும் தெரியும். மறுநாள் நடந்ததை நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. நவம்பர் 14 அன்று டாக்டர் தருமாம்பாள், மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் உள்ளிட்ட பெண்கள் கட்டாய இந்திக்கு எதிராக மறியல் செய்து கைதானார்கள். கைக்குழந்தையோடு சிறைக்குப் போன பெண்ணும் அவர்களில் உண்டு. பெண்களைத் தூண்டிவிட்டார் என்று பெரியார் மீது வழக்கு வந்தது. மாநாட்டுக்கு மறுநாள் மறியல்: அந்தத் தலைமைப் பயிற்சியின் செய்முறை வகுப்பு அது. இன்று அரசுப் பள்ளியில் படித்துவிட்டுக் கல்லூரிக்குப் போகும் பெண்கள் மாதம் 1000 ரூபாய் பெறும் புதுமைப் பெண் திட்டம் மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில்தான் இருக்கிறது. ஒரகடம் அரங்கில் உட்கார்ந்திருந்த மாணவிகளில் எத்தனையோ பேர் கணக்கில் மாதாமாதம் அந்தப் பணம் ஏறுகிறது. இரண்டு நாளில் ஒரு முறைகூட அந்தப் பெயர் மேடையில் உச்சரிக்கப்படவில்லை.

1942 ஜூலை 20. நாக்பூரில் அகில இந்திய ஒடுக்கப்பட்ட வகுப்புப் பெண்கள் மாநாடு. தலைமை சுலோசனாபாய் டோங்ரே. ஏறத்தாழ 25,000 பெண்கள் திரண்டதாகப் பதிவுகள் சொல்கின்றன. அண்ணல் அம்பேத்கர் பேசினார். அந்தப் பெண்களில் பெரும்பாலோருக்கு எழுதப் படிக்கத் தெரியாது, ஆங்கிலம் தெரியாது, கண்ணைப் பார்த்துப் பேச யாரும் பயிற்சி கொடுக்கவில்லை. அவர்கள் போட்ட தீர்மானங்களைப் பாருங்கள்: மனைவிக்கு விவாகரத்து உரிமை வேண்டும், பலதார மணத்தைத் தடைசெய்ய வேண்டும், ஆலைத் தொழிலாளர் பெண்களுக்குச் சம்பளத்தோடு விடுப்பும் விபத்துக்கு இழப்பீடும் ஓய்வூதியமும் வேண்டும், பெண்கள் வேலை செய்யும் இடத்தில் மேற்பார்வைக்குப் பெண்களையே அமர்த்த வேண்டும், ஒடுக்கப்பட்ட வகுப்புப் பெண் பிள்ளைகளுக்கு அரசு செலவில் விடுதி வேண்டும், சட்டமன்றங்களில் பெண்களுக்கு இடம் ஒதுக்க வேண்டும்.

மேற்பார்வைக்குப் பெண்கள் வேண்டும் என்ற தீர்மானத்தை இன்னொரு முறை படியுங்கள். வாலாஜாபாத் மாணவி 2 நிமிடத்தில் கேட்டதை, நாக்பூரில் 80 ஆண்டுக்கு முன்பே கேட்டிருக்கிறார்கள். அன்று விடுதி கேட்ட பெண்களுக்கு நான் நேரடியாகவே கடன்பட்டவள். பள்ளி முடித்த பிறகு ஆதிதிராவிடர் நல விடுதியில் ஒரு பாயும் தட்டும் கிடைக்காமல் போயிருந்தால், ஆய்வாளர் என்ற பெயரில் எந்த மேடையிலும் நான் உட்கார்ந்திருக்க மாட்டேன்.

*

மாநாட்டில் ‘உதாரணத் தலைவிகள்’ என்று திரையில் சில படங்கள் காட்டினார்கள். வெளிநாட்டு நிறுவனங்களின் தலைமை அதிகாரிகள், விண்வெளி வீராங்கனைகள், விளையாட்டு வீராங்கனைகள். எல்லோரும் மதிக்கத்தக்கவர்கள்தான். ஆனால் அரங்கிலிருந்து கிளம்பினால் அரை மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய தூரத்தில், 2021 டிசம்பரில் நடந்த ஒன்றை யாரும் நினைவுகூரவில்லை.

சுங்குவார்சத்திரம் பாக்ஸ்கான் ஆலையில் ஐபோன் தயாரித்த பெண்கள் தங்கியிருந்த விடுதி ஒன்றில் உணவு நஞ்சாகி, 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். உடன் வேலை செய்த சிலரைக் காணவில்லை, என்ன ஆனார்கள் என்று சொல்ல ஆளில்லை, இறந்துவிட்டார்கள் என்று வாட்ஸ்அப்பில் செய்தி பரவியது. டிசம்பர் 17 இரவு அந்தப் பெண்கள் சென்னை–பெங்களூரு தேசிய நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். விடிந்தும் எழுந்திருக்கவில்லை. பலர் ஒப்பந்தக்காரர்கள் வழியாக வேலைக்கு வந்தவர்கள், அவர்களுக்குச் சங்கம் கிடையாது, பின்னால் நிற்க ஒரு கட்சிக்கொடி கிடையாது. எங்கள் தோழிகளைக் கண்ணில் காட்டு என்பதுதான் கோரிக்கை. இறந்ததாகப் பரவிய செய்தி பொய் என்று பிறகு தெரிந்தது. ஆனால் அந்தப் பொய்யை நம்பும் நிலையில் அவர்களை வைத்திருந்தது யார் என்பதுதான் கேள்வி. ஆலை மூடப்பட்டது. விடுதிகளும் உணவுக்கூடங்களும் தரமாக இல்லை என்று ஆப்பிள் நிறுவனமே ஒப்புக்கொண்டு, அந்த ஆலையைக் கண்காணிப்பில் வைத்தது.

2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் குடியிருப்பை 706 கோடி ரூபாய்க்கு மேல் செலவில் அரசு கட்டித் திறந்தது. வரவேற்க வேண்டியதுதான். ஆனால் விடுதி என்ற பிரச்சினையை நாட்டின் கண்ணில் படவைத்தது நெடுஞ்சாலையில் உட்கார்ந்த பெண்கள் என்பதைத் திறப்பு விழாக்கள் சொல்லாது, நாம்தான் சொல்ல வேண்டும். இந்த வட்டாரத்தில் சமீப காலத்தில் நடந்த மிகப் பெரிய பெண்கள் தலைமைத்துவ மாநாடு அந்தச் சாலையில் நடந்தது. அதற்குப் பதாகை கிடையாது, துணிப்பை கிடையாது. தீர்மானம் இருந்தது.

அந்தப் போராட்டத்தின்போது அறுபதுக்கும் மேற்பட்ட பெண்கள் பிடித்து வைக்கப்பட்டதாகவும், அவர்களுடைய செல்பேசிகள் பறிக்கப்பட்டதாகவும், பெற்றோரைக் கூப்பிட்டு மகள்களை அடக்கி வைக்கச் சொன்னதாகவும் பிடித்து வைக்கப்பட்ட பெண்களே சொன்னதை ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் வெளியிட்டது. காவல்துறை இதை மறுத்தது.

மகளை அடக்கி வை என்று வீட்டுக்குப் போகும் அந்தத் தொலைபேசியைப் பற்றித்தான் நான் எழுத உட்கார்ந்தேன்.

*

ஆணாக இருந்தால் மெமோ கொடுப்பார்கள், சஸ்பெண்ட் செய்வார்கள். பெண்ணாக இருந்தால் முதலில் அப்பாவைக் கூப்பிடுவார்கள். பதினெட்டு வயது தாண்டி, ஓட்டு போட்டு, சம்பாதித்து வீட்டுக்கு அனுப்பும் பெண்ணின் ‘ஒழுங்கு’ ஏன் இன்னும் அப்பாவின் பொறுப்பாக இருக்கிறது? சாதி அப்படித்தான் இயங்குகிறது. பெண்ணின் நடமாட்டத்தையும் பேச்சையும் உறவையும் காவல்காப்பது குடும்பத்தின் வேலை, குடும்பத்தைக் காவல்காப்பது ஊரின் வேலை. அந்தக் காவல் ஒரு அடி தளர்ந்தால் மானம் போய்விடும் என்று சொல்லித்தான் இந்த மண்ணில் ஆணவக்கொலைகள் நடக்கின்றன. நவீன ஆலையும் நவீனக் கல்லூரியும் அந்தக் காவலை ஒழிக்கவில்லை. செலவில்லாத கண்காணிப்பு என்று கண்டுகொண்டு, தேவைப்படும்போது ஒரு போன் போட்டு அதைக் கடன் வாங்கிக்கொள்கின்றன.

வேலைக்கு எடுக்கும் இடத்திலேயே இது தொடங்கிவிடுகிறது. ஐபோன் ஆலை வேலைகளுக்குத் திருமணமான பெண்களைத் திட்டமிட்டு ஒதுக்குகிறார்கள் என்று 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் எழுதியது, ஒன்றிய தொழிலாளர் அமைச்சகம் மாநில அரசிடம் அறிக்கை கேட்டது. கல்யாணம் ஆகாத, ஊரைவிட்டு வந்த, எதிர்த்துப் பேசாத பெண். மாப்பிள்ளை வீட்டார் தேடும் பெண்ணும் ஆலை தேடும் பெண்ணும் ஏன் இப்படி ஒரே ஜாடையில் இருக்கிறார்கள்?

அதனால்தான் அந்த அரங்கில் ஒரு கேள்விக்குப் பாராட்டும் இன்னொரு கேள்விக்குத் தொலைபேசியும் கிடைத்தது. ஆங்கிலமும் நல்ல உடையும் உள்ளவள் கேட்டால் அது தலைமைப் பண்பு. காலனியிலிருந்து வரும் பெண் கேட்டால் ஊரில் அதற்குப் பெயர் திமிர். கல்லூரியில் அதையே ஒழுங்கீனம் என்பார்கள், கம்பெனியில் ஆட்டிட்யூட் சரியில்லை என்பார்கள்.

சொல்லப்போனால், தன்னம்பிக்கை மட்டுமே போதும் என்பதற்கான பதிலை நம் ஊராட்சிகள் ஏற்கெனவே கொடுத்துவிட்டன. 2020இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் ஊராட்சித் தலைவரான தலித் பெண் கூட்டத்தில் தரையில் உட்காரவைக்கப்பட்ட படம் நாடெங்கும் பரவியது. அதே ஆண்டு திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்தில், தலைவரான தலித் பெண்ணைச் சுதந்திர நாளன்று கொடியேற்றவிடவில்லை. செய்தி வெளிவந்து, ஆட்சியர் தலையிட்ட பிறகுதான் அவர் கொடியேற்றினார். இருவரும் தேர்தலில் நின்று வென்றவர்கள். அவர்களுடைய மனதில் என்ன தடை இருந்தது? அவர்களுக்கு இல்லாமல் போனது நாற்காலி. அதைத் தராமல் வைத்திருந்தவர்கள் கண்ணெதிரே நின்றார்கள், அவர்களுக்கு எந்தப் பயிற்சியாளரும் வகுப்பு எடுக்கவில்லை.

*

இதைப் படிக்கும் சில தோழர்கள் கேட்பார்கள்: அப்படியானால் நம் பெண்களுக்கு ஆங்கிலம் வேண்டாமா, மேடைப்பேச்சு வேண்டாமா, அவர்கள் மேலாளர்களாக வரக் கூடாதா? வேண்டும், வர வேண்டும். ஒரு மணி நேரம் தடுமாறாமல் ஆங்கிலத்தில் பேச நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். இந்த ஆலைகளே வேண்டாம் என்றும் நான் சொல்லவில்லை. இந்தியாவில் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் பத்துக்கு நான்கு பேர் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். என்னிடம் பேசிய பெண்கள் பலருக்கு முதல் சம்பளம் என்பது, ஆண்டையின் வயலில் அம்மா குனிந்ததுபோல் தான் குனிய வேண்டியதில்லை என்ற விடுதலை. கல்யாணத்தை மூன்று வருடம் தள்ளிப்போட்டதைச் சொல்லும்போது அவர்கள் முகத்தில் வரும் வெளிச்சத்தை நான் பார்த்திருக்கிறேன். அந்த வெளிச்சத்தின் பெயரால்தான் இதைக் கேட்கிறேன்: வயலிலிருந்து வெளியே வந்தவளிடம், இனி தடை உன் மனதில்தான் என்று சொல்வது யாருக்கு வசதி?

தன்னம்பிக்கை கோரிக்கையிலிருந்துதான் வளர்கிறது, கண்ணாடி முன்னால் நின்று வளர்வதில்லை. பக்கத்தில் நான்கு பேர் நிற்கிறார்கள் என்று தெரிந்தால் எந்தப் பெண்ணின் குரலும் நடுங்காது. பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவிட்ட சட்டத்திருத்தம் 2023 ஏப்ரலில் சட்டமன்றத்தில் நிறைவேறிய பிறகும் திரும்பப் பெறப்பட்டதற்குக் காரணம் யாருடைய தோள் நிமிர்வும் இல்லை, சங்கங்களும் கட்சிகளும் சேர்ந்து காட்டிய எதிர்ப்பு.

அந்த மாணவியிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். “பரவால்லக்கா” என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, “நீங்க அங்கதான இருந்தீங்க, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்” என்றாள். இரண்டுமே உண்மை. அவள் வீட்டுக்கு நேரில் போய் வந்தேன். எம்.எஸ்சி. பற்றி அவள் அம்மா இன்னும் சரி என்று சொல்லவில்லை. மறுபடி போவேன்.

இதற்கிடையில், முந்நூறு பெண்கள் இரண்டு நாள் கூடியும் போடாத தீர்மானங்களை இங்கே எழுதிவைக்கிறேன்.

ஒன்று: கேள்வி கேட்டதற்காக எந்த மாணவியின் வீட்டுக்கும் எந்தக் கல்லூரியும் தொலைபேசக் கூடாது. வயதுவந்த பெண்ணைப் பற்றிப் பேச வேண்டியதை அவளிடமே பேச வேண்டும்.

இரண்டு: பாலியல் துன்புறுத்தல் புகார்களை விசாரிக்கும் உள்ளகப் புகார்க் குழுவில், பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015ஆம் ஆண்டு விதிகள் சொல்கிறபடி தேர்ந்தெடுக்கப்பட்ட மாணவப் பிரதிநிதிகள் இருக்க வேண்டும். மாணவர் பேரவைத் தேர்தல் ஒவ்வொரு கல்லூரியிலும் நடக்க வேண்டும். தலைமையைக் கற்றுக்கொள்ள அதைவிட நல்ல வகுப்பு இல்லை.

மூன்று: வளாகத் தேர்வுக்கு வரும் எந்த நிறுவனமும் திருமணம் ஆகிவிட்டதா, எப்போது ஆகும் என்று கேட்கக் கூடாது. கேட்டால் அந்த நிறுவனத்துக்கு வளாகத்தில் இடமில்லை.

நான்கு: பெண்கள் வேலை செய்யும் ஒவ்வொரு வரிசையிலும் மேற்பார்வைக்குப் பெண்கள் வேண்டும். கழிப்பறைக்குப் போக யாரிடமும் அனுமதி கேட்கும் நிலை இருக்கக் கூடாது. பெண்கள் விடுதிகளின் உணவையும் நேரத்தையும் முடிவுசெய்யும் குழுவில் அங்கே தங்கியிருப்பவர்கள் தேர்ந்தெடுக்கும் பெண்கள் இருக்க வேண்டும்.

ஐந்து: இந்த வட்டாரத்தில் ஒவ்வொரு தொழிலாளருக்கும் சங்கம் வைக்கும் உரிமை நடைமுறையில் வேண்டும். 2024இல் சாம்சங் தொழிலாளர்கள் 37 நாள் வேலைநிறுத்தம் செய்தும் சங்கப் பதிவு அடுத்த ஆண்டு ஜனவரியில்தான் கைக்கு வந்தது. ஒரு பெயரைப் பதிவுசெய்ய இவ்வளவு விலை கேட்கும் இடத்தில் தலைமைத்துவம் பற்றி வகுப்பு எடுக்க யாருக்கும் தகுதியில்லை.

உங்கள் கல்லூரிக்கும் இப்படியொரு மாநாடு வரும். போங்கள். சாப்பாடு நன்றாக இருக்கும், வேறு கல்லூரிப் பெண்கள் நண்பர்களாவார்கள், அது வீண் இல்லை. கடைசியில் சான்றிதழ் கொடுத்துக் குழுப்படம் எடுக்கக் கூப்பிடும்போது மட்டும் ஒருத்தி எழுந்து, தீர்மானங்கள் எங்கே என்று கேளுங்கள். அவள் கேட்கும்போது பக்கத்தில் இருப்பவள் உட்கார்ந்திருக்க வேண்டாம். மேடையில் என்னைப் போல் ஒருத்தி இருந்தால், அவளையும் பெயர் சொல்லி எழுப்புங்கள்.